கிங்ஸ்நேக் மார்ஃப் நிறங்கள் எங்கிருந்து வந்தன? காடா, கூண்டா?

சாரைவால்

வணக்கம் நண்பர்களே. ராஜநாகம் பற்றிய கேள்வி இல்லை இது. அமெரிக்கா, மெக்சிகோ பக்கம் இருக்கும் விஷமில்லாத கிங்ஸ்நேக் பற்றியது. கலிஃபோர்னியா கிங்ஸ்நேக் என்று தேடினால் ஒரே பெயரில் ஏகப்பட்ட விதமான பாம்பு வருகிறது. இந்த நிற, கோல வகைகளைத்தான் 'மார்ஃப்' என்கிறார்கள். ஒன்று கறுப்பு வெள்ளைப் பட்டை. இன்னொன்றுக்குப் பட்டையே இல்லை, கழுத்திலிருந்து வால் வரை ஒரே மஞ்சள் கோடு. அடுத்தது வெள்ளையும் இளஞ்சிவப்புமாக, கண்கூடச் சிவப்பு. டெக்சாஸில் இருக்கும் என் சித்தப்பா மகன் "எல்லாம் கலப்படம்டா, கார்ன் ஸ்நேக்கோடு சேர்த்து உண்டாக்கினது" என்கிறான். கார்ன் ஸ்நேக் என்பது விஷமில்லாத வேறொரு அமெரிக்கப் பாம்பு. யூடியூபில் ஒருவர் "டிசைனர் பாம்பு" என்கிறார். இந்த நிறமெல்லாம் காட்டில் இருந்ததா, வளர்ப்பவர்கள் உண்டாக்கினதா? தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.

நெறியாளர்

இழை நல்ல இழை, தொடருங்கள். விற்பனை விசாரணை மட்டும் இங்கே வேண்டாம். நம் ஊர்ப் பாம்புகளைப் பிடித்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். அந்தப் பக்கம் பேச்சு போனால் பூட்டிவிடுவேன்.

கூண்டுக்காரன்

சாரைவால், ஆய்வுக்கூடத்தில் யாரும் எதையும் செய்யவில்லை. அதற்கு மேல் ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது. நீங்கள் பார்த்த படங்கள் வெவ்வேறு வழியில் வந்தவை.

முதலில் அந்த முதுகுக் கோடு. அது வளர்ப்பவர்கள் வேலையே இல்லை. சான் டியேகோ வட்டாரக் கடலோரத்தில் காட்டிலேயே கோடு போட்டவையும் பட்டை போட்டவையும் கலந்து வாழ்கின்றன. இது புரியாமல் 19ஆம் நூற்றாண்டில் இரண்டையும் தனித்தனி இனமாக எழுதிவிட்டார்கள். 1835ல் பிளேன்வில் வைத்த கலிஃபோர்னியே என்ற பெயர் கோட்டுப் பாம்புக்கு. 1853ல் பேர்டும் ஜிரார்டும் வைத்த பாய்லியை என்ற பெயர் பட்டைப் பாம்புக்கு. இதைக் குலைத்தவர் லாரன்ஸ் கிளாபர். பிழைப்புக்கு மின்பொறியாளர், சான் டியேகோ மின்சார நிறுவனத்தின் தலைவர் பதவி வரை போனவர். மீதி நேரமெல்லாம் பாம்பு. ஒரே தாய் இட்ட ஒரே ஈட்டில் கோட்டுக்குட்டியும் பட்டைக்குட்டியும் சேர்ந்து பொரித்து வருகின்றன என்று 1936ல் எழுதினார். 1939லும் 1944லும் மேலும் தரவு சேர்த்து எழுதினார். அதோடு இரண்டு 'இனங்கள்' ஒன்றாயின. 1981ல் ரிச்சர்ட் ஸ்வைஃபெல் இதே விஷயத்தை இணைசேர்ப்புக் கணக்குகளை வைத்து ஆராய்ந்து மரபியல் இதழில் வெளியிட்டார்.

ஆக, இன்று கடையில் 'ஸ்ட்ரைப்டு மார்ஃப்' என்று போட்டு விற்பது காட்டில் இருந்த சமாசாரம்தான். கூண்டில் நடந்தது பொறுக்கி எடுத்தது மட்டும்.

நீங்கள் பார்த்த அந்தச் சிவப்புக் கண் வெள்ளைப் பாம்பு, அதாவது அல்பினோ, அதன் கதை வேறு. அது ஒடுங்கு பண்பு. அதை டீச்சர் வந்து சொல்வார் என்று நினைக்கிறேன்.

மரபணு டீச்சர்

கூப்பிட்டதற்கு நன்றி தம்பி.

பத்தாம் வகுப்பு மெண்டல் பாடம்தான். அல்பினோவாகத் தெரிய அந்த மரபணுவின் இரண்டு பிரதியும் கெட்டிருக்க வேண்டும். ஒன்று மட்டும் கெட்டிருந்தால் பாம்பு பார்க்கச் சாதாரணமாக இருக்கும், ஆனால் குட்டிகளுக்குக் கடத்தும். வளர்ப்பவர்கள் இதைத்தான் 'ஹெட்' என்கிறார்கள்.

ஒரு உதாரணத்துக்கு, ஒரு காட்டுக் கூட்டத்தில் அந்த மரபணுவின் நூறு பிரதியில் ஒன்று கெட்டது என்று வைத்துக்கொள்வோம். கண்ணுக்குத் தெரியும் அல்பினோ 10,000ல் ஒன்று. ஆனால் மறைவாகச் சுமக்கும் பாம்புகள் ஏறக்குறைய 50ல் ஒன்று! ஆக, யாரோ காட்டில் பிடித்த சாதாரணப் பாம்பு ஒன்று ஹெட் ஆக இருப்பது அதிசயமே இல்லை. காட்டில் அதன் குட்டிகள் திசைக்கொன்றாகச் சிதறிப் போகும், இன்னொரு ஹெட்டைச் சந்திப்பது அபூர்வம். கூண்டில் என்ன செய்கிறார்கள்? அண்ணன் தங்கையையே இணை சேர்க்கிறார்கள், தாயையும் மகனையும் சேர்க்கிறார்கள். மறைந்திருந்தது இரண்டே தலைமுறையில் வெளியே வந்துவிடுகிறது.

அதனால் "கூண்டில் புதிதாக உண்டானது" என்று சொல்லப்படும் பல மார்ஃப்கள் பிடிபட்ட முதல் பாம்பின் உடம்பிலேயே வந்தவையாக இருக்கலாம். புதிய சடுதிமாற்றம் கூண்டிலும் நடக்கும், நடக்காது என்று சொல்லவில்லை. ஆனால் வெளியே தெரிவதற்கு உள்ளினச்சேர்க்கைதான் பெரிய காரணம்.

சாரைவால்

டீச்சர், கோயம்புத்தூர்ப் பக்கம் வெள்ளை நாகம் பிடிபட்டது என்று செய்தி வருமே, அதுவும் இதே மாதிரியா?

மரபணு டீச்சர்

கண்ணும் சிவப்பாக இருந்தால் பெரும்பாலும் அப்படித்தான். உடம்பு மட்டும் வெள்ளை, கண் கறுப்பு என்றால் அது லூசிசம், வேறு வழி. பாம்புத் தோலில் மூன்று வகை நிறச்செல் உண்டு. கறுப்பு பழுப்புக்கு ஒன்று, மஞ்சள் சிவப்புக்கு ஒன்று, ஒளியைப் பிரதிபலிக்கும் படிகங்கள் கொண்டது ஒன்று. அல்பினோ என்றால் முதலாவதில் மெலனின் தயாரிப்பு நின்றுவிட்டது என்று அர்த்தம். மற்ற இரண்டும் வேலை செய்வதால்தான் அல்பினோ கிங்ஸ்நேக் சுண்ணாம்பு வெள்ளையாக இல்லாமல் இளஞ்சிவப்பும் மஞ்சளுமாகத் தெரிகிறது.

பெக்கோஸ்காரர்

நான் மேற்கு டெக்சாஸில் இருக்கிறேன், ஆல்டெர்னா பைத்தியம். சாம்பல் பட்டை கிங்ஸ்நேக், லாம்ப்ரொபெல்டிஸ் ஆல்டெர்னா. கலிஃபோர்னியாக்காரர்கள் தங்கள் கதை மட்டும்தான் கதை என்று நினைக்கிறார்கள், அதனால் இதையும் கேளுங்கள்.

1901ல் டேவிஸ் மலையில் கிடைத்த ஒரு பாம்பை வைத்து ஆர்தர் எர்வின் பிரவுன் ஆல்டெர்னாவை விவரித்தார். சாம்பல் உடம்பில் மெல்லிய கறுப்புப் பட்டை, நடுவே கொஞ்சம் சிவப்பு. 1950ல் டெரல் கவுண்டியில் ட்ரைடன் ஊருக்குப் பக்கத்தில் கிடைத்த வேறொரு பாம்பை ஃப்ளூரி 'பிளேரி' என்று புது இனமாக எழுதினார். அதற்கு முதுகில் சேணம் போட்ட மாதிரி அகலமான ஆரஞ்சுத் திட்டுகள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் யாரும் ஒன்று என்று சொல்லமாட்டார்கள். 1970ல் எர்னஸ்ட் டான்சர் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் இரண்டும் ஒரே இனத்தின் இரு வடிவம் என்று நிலைத்தது. இங்கே வளர்ப்பவர் எவரைக் கேட்டாலும் சொல்வார், பிளேரி தாய்க்கு ஆல்டெர்னா குட்டி பொரிப்பது சாதாரணம்.

மெக்சிகோவில் இன்னும் வேடிக்கை. நுவோ லியோன் கிங்ஸ்நேக் என்று ஒன்று. 1893ல் குந்தர் 'லியோனிஸ்' என்றார், 1924ல் லவ்ரிட்ஜ் 'தாயெரி' என்றார். இன்று ஒரே பாம்பு என்று தெரியும். ஒரே ஈட்டில் மில்க் ஸ்நேக் மாதிரி சிவப்புப் பட்டை ஒன்று, வெளிறிய சேணம் போட்டது ஒன்று, முழுக் கறுப்பு ஒன்று, மூன்றும் வரும். இதற்கு யாரும் மார்ஃப் உருவாக்கவில்லை. பாம்பு அப்படித்தான்.

இங்கே ஆல்டெர்னா ஆட்களுக்கு மார்ஃபைவிட ஊர்தான் முக்கியம். லாங்ட்ரி, ஜூனோ ரோடு, பிளாக் கேப், ரிவர் ரோடு என்று எந்தச் சாலை வெட்டுப்பாறையில் பிடித்த வம்சம் என்று கேட்பார்கள். கிழக்கே போனால் பிளேரி வடிவம் அதிகம், மேற்கே ஆல்டெர்னா வடிவம் அதிகம். 2007ல் சாலையோரத்தில் பாம்பு தேடுவதையே மாநிலம் தடை செய்தது. 2011ல் அனுமதி வில்லை வாங்கி, ஒளிரும் சட்டை போட்டுக்கொண்டு தேடலாம் என்று தளர்த்தியது. அந்தச் சட்டையோடு இரவில் பாறையைத் தடவிக்கொண்டு நிற்கும் எங்களைப் பார்த்தால் லாரிக்காரர்கள் பயப்படுவார்கள்.

கறார் கந்தன்

எல்லாரும் அழகாகக் காட்டுக் கதை சொல்கிறீர்கள். சாரைவாலின் தம்பி சொன்னதில் தப்பே இல்லை என்பது என் கட்சி. கலிஃபோர்னியா கிங்ஸ்நேக்கையும் கார்ன் ஸ்நேக்கையும் சேர்த்தால் குட்டி வரும், அந்தக் குட்டிக்கும் குட்டி வரும். 'ஜங்கிள் கார்ன்' என்று பெயர் போட்டே விற்கிறார்கள். அதைக் கொண்டுபோய் மறுபடி மறுபடி கிங்ஸ்நேக்கோடு சேர்த்தால் நாலு தலைமுறையில் பார்க்க அசல் கிங்ஸ்நேக், உள்ளே கார்ன் ஸ்நேக்கின் நிற மரபணு. இதை எந்தக் கண்ணால் கண்டுபிடிப்பீர்கள்? "முதல் ஜோடி இன்ன மலையில் பிடித்தது" என்பதெல்லாம் விற்பவர் வாய்ச்சொல்.

கூண்டுக்காரன்

கந்தன், கலப்பினம் உண்டு, மறைத்து விற்பவர்களும் உண்டு. அதில் சண்டை இல்லை. ஆனால் "எல்லாமே" என்றால் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

கலிஃபோர்னியா கிங்ஸ்நேக்கில் அல்பினோ என்று ஒன்று, லாவண்டர் அல்பினோ என்று இன்னொன்று. இரண்டையும் சேர்த்தால் குட்டிகள் எல்லாமே சாதாரண நிறம். அதாவது இரண்டும் வெவ்வேறு மரபணுவில் விழுந்த பழுது. ஒவ்வொரு தரப்பும் மற்றதன் பழுதை ஈடுகட்டிவிடுகிறது. இந்த மாதிரி சோதனையை வளர்ப்பவர்கள் காலங்காலமாகச் செய்துதான் எது எதோடு ஒத்துப்போகும் என்ற பட்டியலே உருவானது. ஒரு மார்ஃப் கடன் வாங்கினதா இல்லையா என்று பார்க்கவும் முதல் படி இதுதான். கார்ன் ஸ்நேக்கின் அல்பினோவோடு சேர்த்துப் பொரித்துப் பார்த்தால் குட்டிகளின் நிறம் சாதாரணமாக வருகிறதா என்று தெரியும். சாதாரணமாக வந்தால் அந்த மரபணு கார்ன் ஸ்நேக்கிடமிருந்து வரவில்லை.

கறார் கந்தன்

வரவில்லை என்று காட்டும். அல்பினோவாகவே பொரித்தால்? இரண்டு இனத்திலும் ஒரே மரபணு தனித்தனியாகக் கெட்டிருக்கலாமே. அப்போது எதுவும் நிரூபணம் ஆகாது.

மரபணு டீச்சர்

கந்தன் சொல்வது சரியான இடம். ஒரே மரபணு என்பது வேறு, அந்த மரபணுவில் ஒரே பழுது என்பது வேறு. இதற்கு டிஎன்ஏ பார்க்க வேண்டும். கார்ன் ஸ்நேக்கில் பார்த்திருக்கிறார்கள். ஜெனீவா பல்கலைக்கழகத்தில் மிலின்கோவிச் குழு 2015ல் வெளியிட்டது: கார்ன் ஸ்நேக் அல்பினோவில் ஓசிஏ2 என்ற மரபணுவுக்குள், தன்னையே நகலெடுத்துப் பரவும் டிஎன்ஏ துண்டு ஒன்று போய் உட்கார்ந்திருக்கிறது. மனிதர்களில் ஒருவகை அல்பினிசத்துக்கும் இதே மரபணுதான் காரணம். அந்தத் துண்டு அதே இடத்தில் ஒரு கிங்ஸ்நேக்கிலும் இருந்தால் அது கடன் வாங்கினது, சந்தேகமே வேண்டாம். வேறு இடத்தில் வேறு பழுது என்றால் சொந்தச் சரக்கு. கைரேகை மாதிரி.

அந்தக் கார்ன் ஸ்நேக் அல்பினோவின் ஊரும் ஆவணத்தில் இருக்கிறது. 1953ல் வட கரோலினாவில் காட்டில் பிடிபட்ட ஒரே ஒரு ஆண். பெர்னார்ட் பெக்டல் என்ற தோல் மருத்துவர் அதை வைத்து இணை சேர்த்து, மனைவியோடு சேர்ந்து 1962ல் அல்பினிசம் கடத்தப்படும் விதத்தை எழுதினார். பாம்பு மார்ஃப் உலகமே அங்கிருந்துதான் சூடு பிடித்தது என்பார்கள். இந்த அளவு எழுத்து ஆதாரம் எல்லா மார்ஃபுக்கும் இருந்தால் இங்கே நமக்குச் சண்டையே இருக்காது.

மஞ்சள்புள்ளி

மெக்சிகன் பிளாக் கிங்ஸ்நேக்கும் அல்பினோ மாதிரி ஒற்றை மரபணுவா? மெழுகு தடவின மாதிரி கறுகறு என்று இருக்கிறது.

கூண்டுக்காரன்

இல்லை. அது மூன்றாவது வழி. சோனோரா பாலைவனத்துக் கிங்ஸ்நேக் அது, 1955ல் ஸ்வைஃபெலும் நாரிஸும் 'நிக்ரிடா' என்று பெயர் வைத்தார்கள். காட்டிலேயே கறுப்புதான், ஆனால் பலவற்றுக்குத் தாடையிலும் பக்கவாட்டிலும் வெளிறிய புள்ளி இருக்கும். வளர்ப்பவர்கள் ஒவ்வொரு தலைமுறையிலும் புள்ளி குறைந்தவற்றையே தேர்ந்தெடுத்து இணை சேர்த்துச் சேர்த்து இப்போதைய பளபளப்புக் கறுப்புக்குக் கொண்டுவந்தார்கள். மஞ்சள் தூக்கலான கலிஃபோர்னியா கிங்ஸ்நேக்கை 'பனானா' என்பார்களே, அதுவும் தேர்வு வேலை. இவற்றுக்கு ஹெட் கணக்கெல்லாம் கிடையாது. கணக்கு போட்டு விற்றால் ஆள் ஏமாற்றுகிறார்.

ஃபுளோரிடா கிங்ஸ்நேக் வாங்குவோருக்கு ஒன்று. அது குட்டியில் கருமையாக, பட்டையும் பக்கத்தில் செம்மையுமாக இருக்கும். வளர வளரச் செதிலுக்குச் செதில் மஞ்சள் ஏறிப் பட்டை மங்கும். குட்டிப் படத்தை வைத்து மார்ஃப் பெயர் வைக்காதீர்கள். அந்த வெளிறிய தென்கோடிப் பாம்பைத்தான் 1919ல் பார்பர் 'புரூக்சி' என்று தனியாக எழுதினார்.

பெக்கோஸ்காரர்

ஃபுளோரிடா என்றதும் அபலாச்சிகோலா நினைவுக்கு வருகிறது. அந்த ஆற்றுமுகத்தில் அகலப் பட்டை, கோடு, ஒன்றுமே இல்லாத வெறும் உடம்பு, எல்லாம் சேர்ந்து வாழ்கின்றன. 1949ல் நீலும் ஆலனும் 'கோயினி' என்றார்கள். பிறகு பலர் அது இரண்டு வகை சந்திக்கும் இடத்தின் கலவை என்று தள்ளினார்கள். 2006ல் கிரிஸ்கோவும் ஜட்டும் அலசிப் பார்த்து 'மீன்சி' என்று தனிப் பெயர் கொடுத்தார்கள். நிறத்தை நம்பிப் பெயர் வைப்பது, பிறகு அடித்துத் திருத்துவது, கிங்ஸ்நேக் வரலாறு பூராவும் இதுதான்.

தீவுப்பல்லி

மார்ஃப் அழகைப் பற்றியே பேசுகிறீர்கள். கிரான் கனாரியா தீவைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? ஸ்பெயினுக்குச் சொந்தமான தீவு. அங்கே இயற்கையில் பாம்பே கிடையாது. 1998ல் கலிஃபோர்னியா கிங்ஸ்நேக் வெளியில் தென்பட்டது. பிடிபட்டவற்றில் கோட்டுப் பாம்பும் அல்பினோவும் உண்டு. எங்கிருந்து வந்தவை என்று கேட்கவே வேண்டாம், வளர்ப்புக் கூண்டிலிருந்து தப்பியவை, அல்லது விட்டவை. 2021ல் பிக்கேயும் லோபஸ் தாரியாசும் வெளியிட்ட ஆய்வைப் படியுங்கள். பாம்பு பரவிய இடங்களில் அந்தத் தீவுக்கே உரிய பெரிய பல்லி கல்லோட்டியா ஸ்டெலினி 90 சதவீதத்துக்கும் மேல் போய்விட்டது. அரணை 80 சதவீதத்துக்கும் மேல். சுவர்ப்பல்லி பாதிக்கும் மேல். 2022ல் ஐரோப்பிய ஒன்றியம் இந்தப் பாம்பை அயல் ஆக்கிரமிப்பு இனப் பட்டியலில் சேர்த்தது.

மஞ்சள்புள்ளி

வெள்ளைப் பாம்பு வெளியில் ஒரு நாள் தாங்காது, பருந்து தூக்கிவிடும் என்பார்களே. அங்கே எப்படி அல்பினோ பிழைத்தது?

தீவுப்பல்லி

இந்தப் பாம்பு பெரும்பாலும் மண்ணுக்கடியில், கல்லுக்கடியில் இருக்கிறது. அந்தத் தீவில் பாம்பைத் தின்று பழகிய எதிரிகளும் குறைவு. மேலே வந்தால்தானே நிறம் உதவும், காட்டிக்கொடுக்கும்.

சாரைவால்

தலை சுற்றுகிறது, ஆனால் நன்றாகப் புரிகிறது. இன்னொரு கேள்வி. தம்பி காட்டிய படத்தில் ஒரு குட்டிக்குப் பாதி உடம்பு பட்டை, பாதி உடம்பு கோடு. விற்பவர் "உலகத்திலேயே ஒன்று" என்று விலை சொல்லியிருக்கிறார்.

கூண்டுக்காரன்

அதை 'அபெரன்ட்' என்பார்கள். கோட்டுப் பாம்பையும் பட்டைப் பாம்பையும் சேர்த்தால் நடுத்தரமாக உடைந்த கோலங்கள் நிறைய வரும், ஒன்றும் அதிசயம் இல்லை. இன்னொரு சாத்தியமும் உண்டு. முட்டை அடையில் இருக்கும்போது வெப்பம் எக்கச்சக்கமாக ஏறி இறங்கினாலும் கோலம் குழம்பும். அது மரபணு இல்லை, அடுத்த தலைமுறைக்குப் போகாது. இன்குபேட்டர் கெட்டுப்போன வருஷத்தில் 'புது மார்ஃப்' அதிகம் விளையும்.

கறார் கந்தன்

இதுக்கு ஒரு லைக். உங்களிடமிருந்து வந்ததே அதிசயம்.

சாரைவால்

அதே ஆள் இன்னொரு ஜோடிக்கு "66 சதவீதம் லாவண்டர் ஹெட்" என்று போட்டிருக்கிறார். 66 சதவீதம் லாவண்டர் நிறமா?

மரபணு டீச்சர்

இல்லை இல்லை. ஹெட்டையும் ஹெட்டையும் சேர்த்தால் நாலில் ஒன்று நிறம் காட்டும், இரண்டு ஹெட், ஒன்று சுத்தமான சாதாரணம். நிறம் காட்டியதை எடுத்துவிட்டால் மீதி மூன்றில் இரண்டு ஹெட். எது எது என்று வெளியே தெரியாது. அதுதான் 66. ஜோடியில் இரண்டுமே ஹெட்டாக இருக்கும் வாய்ப்பு ஒன்பதில் நாலு, பாதிக்கும் கீழே. அப்படியே இருந்தாலும் எட்டு முட்டையிட்டு ஒன்றுகூட லாவண்டர் வராமல் போக பத்தில் ஒரு வாய்ப்பு இருக்கிறது.

சந்தேகம் தீர வேண்டுமானால் நிறம் காட்டும் லாவண்டரோடு இணை சேர்க்கச் சொல்லுங்கள். ஹெட்டாக இருந்தால் குட்டிகளில் பாதி லாவண்டர். ஆறு குட்டி பொரித்து ஒன்றும் வரவில்லை என்றால் அது ஹெட் என்பதற்கு வாய்ப்பு மிகமிகக் குறைவு.

கூண்டுக்காரன்

ஆனால் குட்டி வளர்ந்து முட்டையிடத் தயாராக மூன்று வருஷம் ஆகும். அதுவரை விற்பவரின் வார்த்தைதான். அதனால் தம்பியிடம் சொல்லுங்கள், அப்பா அம்மா இரண்டின் படமும், அவை எந்த வருஷம் யாரிடம் பொரித்தவை என்ற பதிவும் கேட்கட்டும். ஒழுங்காக வளர்ப்பவர் ஒவ்வொரு ஈட்டுக்கும் அட்டை எழுதி வைத்திருப்பார்.

சாரைவால்

கேட்டுவிட்டான். தாய் லாவண்டர் ஹெட்டாம், பதிவு அனுப்பியிருக்கிறார். தகப்பன் ஒரு கண்காட்சியில் வாங்கினதாம், வேறு விவரம் இல்லை.

மரபணு டீச்சர்

அப்படியானால் 66 என்று எழுதவே முடியாது. தகப்பன் சாதாரணம் என்றே கணக்கு போட வேண்டும். 50தான்.

கறார் கந்தன்

கண்காட்சியில் வாங்கின தகப்பன் கிங்ஸ்நேக்தானா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

பெக்கோஸ்காரர்

சாதாரணப் பாம்பின் விலை கொடுத்தால் போதும். தம்பி டெக்சாஸில்தானே இருக்கிறான், மே மாதம் ஒளிரும் சட்டையோடு இந்தப் பக்கம் வரச் சொல்லுங்கள்.